கொழகொழாவுக்குக் கொடுத்த சைகை

ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயரே கண்ணாடிதான். மேசையில் சின்னக் கண்ணாடி ஒன்றை நிறுத்திவைத்துக்கொண்டு, வரையவேண்டிய முகத்தை முதலில் தன் முகத்தில் போட்டுப் பார்ப்பான். கோபக்காரக் கரடியை வரையும் நாளில் டீ கொண்டுவருகிறவர்கூடத் தள்ளி நின்றுதான் கோப்பையை நீட்டுவார்.

இப்படிப்பட்டவன் கையில்தான் கொழகொழா வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர். கொழகொழாவுக்குச் சொந்த உருவம் கிடையாது. போலீஸ்காரர், பூனை, பள்ளிக்கூட ஆயா என்று யாராக வேண்டுமானாலும் மாறும். மாறி மாறி, தான் யார் என்பதே அதற்கு மறந்துபோய்விட்டது. கதை அதுதான்.

ஆனால் பார்க்கிற குழந்தைக்கு மறக்கக் கூடாதே! "எந்த வேஷத்துல வந்தாலும் இதுதான் கொழகொழான்னு குழந்தை கத்தணும். அதுக்கு ஒரு சைகை வேணும். நாளைக்குக் காலையில எனக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டார் இயக்குநர்.

அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் குட்டிக்கரணம் போட்டுப் பார்த்தான். மூக்கைச் சொறிந்தான், தோளைக் குலுக்கினான். எல்லாம் எங்கோ பார்த்தது போலவே இருந்தது. மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் கை தானாக எழுந்தது. வலது காதுக்குப் பின்னால் விரல்களை வைத்து மடலை முன்னே தள்ளி, தலையை இடப்பக்கம் திருப்பி, ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான். அறையே சிரித்தது.

"எங்கய்யா புடிச்ச இத?"

"கண்ணாடி முன்னாடி நின்னேன் சார், தானா வந்துச்சு."

தானாக வந்ததாம்! அது அவனுடைய அக்காவின் சைகை. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து யார் பேசினாலும் அவள் கேட்பது அப்படித்தான். ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளி விடுவதற்கும் ஒரு மனசு வேண்டும். நம் ஆளுக்கு அது தாராளமாகவே இருந்தது.

தொடர் ஓடோ ஓடென்று ஓடியது. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் ஒரு வாரம் தவறாமல் டிவி முன் உட்கார்ந்து பார்த்தாள், அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாக்கும்.

ஒருநாள் மழை. அவளிடம் குடை இல்லையே என்று அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனான். வாசலில் நின்றபோதே பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் வேண்டுமென்றே குசுகுசுவென்று ஏதோ கேட்டார்கள். அக்காவின் கை காதுக்குப் போனது. "கொழகொழா! கொழகொழா!" என்று இரண்டும் குதித்தன. பின்னால் நின்ற பெண்மணி அலுத்துக்கொண்டார். "ஏம்மா, இந்த வயசுல கார்ட்டூன் பாத்து நடிச்சிட்டிருக்கீங்களே. மாத்திரையக் குடுங்க, வேலையிருக்கு."

உள்ளே போய், "அவங்க நடிக்கல, நான்தான் திருடினேன்" என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. அவனோ குடையை விரித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய், அவள் வெளியே வரும்வரை நின்றான். அப்போதுதான் வந்தவன் போலக் கையசைத்தான். கூசிப்போனது உடம்பெல்லாம்.

அடுத்த மாதம் அவனுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் இயக்குநரே வீட்டுக்கு வந்துவிட்டார், முகமெல்லாம் பல்லாக. கொழகொழாவுக்கு அந்த வருஷத்தின் சிறந்த பாத்திரம் என்று பரிசு.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "உங்க தம்பி கைய ஆண்டவன் வைரத்துல செஞ்சிருக்கான்" என்றார் அவர். அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து சொன்னதால் காதில் விழவில்லை. அவள் மூன்று விரலைக் காதுக்குப் பின்னால் வைத்துத் திரும்பினாள்.

"அட, அக்காவும் நம்ம ரசிகையா!" அவர் கைதட்டிச் சிரித்தார். "ஆனா ஒரு சின்னத் தப்பு பண்றீங்க. கொழகொழாவுக்குக் கட்டைவிரலோட சேத்தே நாலு விரல்தான், அப்பதான் வரைய சுலபம். அதனால காதுக்கு ரெண்டு விரல் போதும். எங்க, இன்னொரு தடவை?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி டீயைப் பார்த்தான்.

"அப்படிங்களா சார்? இவன் எனக்குச் சரியாச் சொல்லிக்குடுக்கல" என்றாள் அவள். ஒரு விரலை மடக்கிக்கொண்டு, இரண்டு விரலால் செய்துகாட்டினாள்.

"இப்பச் சரி!" என்றார் இயக்குநர்.

அவர் போன பிறகு இவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானம். "அக்கா, நாளைக்கே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்" என்றான்.

"எல்லார்கிட்டயும்னா? தெருவுல போற ஒவ்வொரு குழந்தைகிட்டயுமா?" கோப்பைகளை எடுத்தபடியே கேட்டாள். "எனக்கு மொத வாரமே தெரியும்டா. அன்னிக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. நீ கேட்டிருந்தாலே குடுத்திருப்பேன்."

அவன் தன் கோப்பையை அவளிடம் நீட்டினான்.

"இப்பல்லாம் கை பாதியிலயே நின்னுடுது. சிரிப்பாங்களேன்னு, கேக்காததையும் கேட்ட மாதிரி தலையாட்டிடறேன். நேத்து ஒரு பெரியவருக்கு மருந்த மாத்திக் குடுக்கப் பாத்தேன், மொதலாளி புடிச்சிட்டாரு. இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?" கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உனக்குத்தான் இதெல்லாம் வருமே. எனக்கு வேற ஏதாவது ஒண்ணு வரைஞ்சு குடுடா. யாரும் சிரிக்காத மாதிரி. நான் பழகிக்கறேன்."

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பார்த்தான். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

தாளை எடுத்தான். ஒரு பெண் முகம் போட்டான், கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். பொய்யாக இருந்தது. கிழித்தான். கையை மடியில் வைத்து முகத்தை மட்டும் சாய்த்தான். அது யாரோ ஒரு பெண். கிழித்தான். நாலாவது தாளில் பென்சில் அவன் பேச்சைக் கேட்காமல் நேராகக் காதுக்கே போனது, மூன்று விரலோடு. அதைக் கசக்கிக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

அக்கா காலடியில் கிடந்த தாள்களைக் குனிந்து பொறுக்கினாள்.

"அவசரமில்லடா" என்றாள். "காய்ச்சல் விடட்டும், மெதுவாப் போட்டுக் குடு."