திரையில் குடியேறிய பதினாலாம் நிரை

1996இல் மலேசியாவின் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, மற்ற மரங்கள் விறகுக்குப் போயின. துளசி பால் வெட்டிய பதினாலாம் நிரை மட்டும் ஈப்போவுக்கு வந்து, அவள் கணவர் அப்பாவுவின் கம்ப்யூட்டர் திரையில் குடியேறியது.

குற்றம் அப்பாவுவுடையது. அவர் ஓர் ஈயக் கம்பெனியில் யூனிக்ஸ் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர். 1988 வரை அதன் திரையில் வெறும் பச்சை எழுத்துகள்தாம். பிறகு அமெரிக்காவிலிருந்து காந்த நாடாவில், திரையில் சன்னல்கள் திறக்கும் மென்பொருள் வந்தது. முன்பு செய்ததற்கு டபிள்யூ என்று பெயர், அதனால் இதற்கு அடுத்த எழுத்தான எக்ஸ். பெயர் வைக்க அவர்கள் அதிகம் சிரமப்படவில்லை. வேலை எங்கோ ஓர் இயந்திரத்தில் நடக்கும், அதன் சன்னல் மட்டும் இங்கே திறக்கும். யார் யார் திறக்கலாம் என்று முதலில் இயந்திரத்திடம் சொல்லிவைக்க வேண்டும். பகலில் கதவடைக்காத தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த அப்பாவு, எல்லாரும் வரலாம் என்று சொல்லிவைத்தார். காம்பார் ஊர் இயந்திரம் ஒன்றிலிருந்து ஒரு கடிகாரம் திரைக்கு வந்தது. யாருடையவோ இரண்டு கண்கள் வந்து சுட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. கம்பெனி மூடியதும் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தொலைபேசிக் கம்பியில் மாட்டினார். அந்த வழியாகத்தான் மரங்கள் வந்தன.

தோட்டத்தில் வேலையாட்களைக் கூட்டிப் பெரட்டில் பெயர் கூப்பிடும் காலை ஆறு மணிக்குத் துளசி தினமும் திரைமுன் உட்கார்ந்து மரங்களை எண்ணுவாள். இவ்வருடம் இயந்திரம் புகையத் தொடங்கியது. மகன் பவித்ரன் புதியதொன்று வாங்கிவந்தான்.

"எக்ஸ் காலம் முடிஞ்சிருச்சு லா. புதுசுல கண்டவங்க வந்து சன்னல் திறக்க முடியாது."

"அப்ப என் மரம்?"

"மரம் பெட்டிக்குள்ள இல்ல, துளசி," என்றார் அப்பாவு. "வேலை எங்கயோ நடக்குது. இங்க முகம் மட்டும்தான்."

"உங்கள மாதிரிதான்னு சொல்லுங்க. எங்க நடக்குது?"

"அதத்தான் முப்பது வருஷமா தேடுறேன்."

துளசியே பழையதை அணைத்தாள். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆறு மணிக்குப் புதிய திரை ஒரு கேள்வி கேட்டது: பதினாலாம் நிரை உள்ளே வரலாமா?

"தெரியாதவங்களுக்குச் சரின்னு அமுக்காதீங்கம்மா," என்றான் பவித்ரன்.

"இதுவா தெரியாதவங்க?" என்று அவள் அமுக்கினாள்.

அறையில் ரப்பர் பால் வாடை எழுந்தது. திரையின் கீழ்விளிம்பு வெள்ளையாகச் சொட்டியது. அவள் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். ஞாயிறு தவிர தினமும் ஒரு மங்கு நிறைகிறது. தோட்டத்தில் போலவே மழை நாளில் பால் இல்லை. அன்று அவள் ஏழு மணிவரை தூங்குகிறாள்.