காலியாக இருந்த நாற்காலி

மாலை மணி அடித்ததும் அந்த நாட்டில் ஆண்கள் அடுப்படிக்குப் போக வேண்டும். அடுத்த மணி வரை பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். ஏழை, பணக்காரன் என்ற பேச்சே கிடையாது. எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி நாற்காலி. அடுப்படியில் ஆண் இல்லையென்றால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள்.

துணி தேய்ப்பவளுக்கு எச்சரிக்கை வந்தாயிற்று. அவள் கணவன் அந்த நேரத்தில் அடுப்படியில்தான் இருந்தான். என்ன, அது அடுத்தவர் வீட்டு அடுப்படி. பெரிய உத்தியோகக்காரர்கள் தங்கள் பங்குச் சமையலுக்கு ரகசியமாக ஆள் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூலி இல்லாவிட்டால் இங்கே உலை கொதிக்காது. போட்ட உப்பை மறந்து மறுபடியும் போடும் கை அவனுடையது. அவனுக்கும் வேலை கிடைத்தது.

அன்று அவள் கணவனின் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றாள். வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் கண்காணிப்பு அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னப்பா, சமையல் நடக்குதா?"

"ம்ம்" என்று கனைத்தாள்.

"வீட்டம்மா எங்கே? நாற்காலி காலியா கெடக்கு?"

அதை அவள் யோசிக்கவே இல்லை.

துண்டு உருவப்பட்டது. "அடிப்பாவி! சட்டமே உனக்காகத்தானே? எங்கே உன் வீட்டுக்காரர்?"

"வேலைக்குப் போயிருக்காருங்க."

"இந்த நேரத்துல என்ன பெரிய வேலை? எங்க வீட்டுக்காரரைப் பாரு. நான் போறதுக்குள்ள உருளைக்கிழங்கு வறுத்து மூடி வச்சிருப்பார். என்ன, உப்பை மட்டும் ரெண்டு தடவை போட்டுடுவார். ஆசையா செய்யறவரை குத்தம் சொல்ல மனசு வருமா?"

அந்த உப்புக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் கூலி போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். அந்த அம்மாவின் முகத்தில் வழிந்த பெருமையைப் பார்த்தால், சொன்னாலும் நம்பப் போவதில்லை.

"அம்மா, அந்த உருளைக்கிழங்கு..."

"முதல்ல உட்காரு. இது உன்னோட நேரம்."

சோறு அடிபிடிக்கும் வாசனை வந்தது. எழுந்தவளின் தோளை அந்த அம்மா அன்போடு அழுத்தினாள். "நிம்மதியா இரும்மா. வீட்டுச் சாவியை நாளைக்குக் கொடுத்தாப் போதும்."

கணவன் கையில் பொட்டலத்தோடு வந்தபோதும் அவள் நாற்காலியில்தான் இருந்தாள்.

"அந்த வீட்டு ஐயா குடுத்தாரு. நான் வறுத்ததுதான். உப்பு பாரேன், சரியா இருக்கா?"

ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் தூக்கல்" என்றாள். மற்றதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.