ஹரி ஹரி என்று ஓடிய டாக்ஸி

நாகலாபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்த சகல ஜனங்களுக்கும் மிக முக்கியமான ஓர் அறிவிப்பு: 1957ஆம் வருஷம், தை அறுவடை முடிந்த கையோடு, பெரிய தெரு திருவேங்கடம் அவர்கள், தர்மபத்தினி ரத்தினம்மாளுடன், எந்தக் காரணமும் இல்லாமல் இலங்கைத் தீவுக்குப் போய் வருவதென்று தீர்மானித்தார்.

காரணம் இல்லாமல் என்பதுதான் இதில் சரித்திரம். எங்கள் பக்கத்தில் ஒருவர் பெட்டியோடு கிளம்பினால் திருமலையில் மொட்டை போடுவதற்காக இருக்கும். இல்லையென்றால் சித்தூர் கோர்ட்டில் வாய்தாவாக இருக்கும். தலையோ மடியோ லேசாகித் திரும்புவார். சும்மா போய்ச் சும்மா வருவது என்ற எண்ணம் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

திருவேங்கடத்துக்கு அது தோன்றியது திருப்பதி ஜவுளிக்கடை ஒன்று கொடுத்த காலண்டரால். தென்னை மரங்கள், நீலக் கடல், கரையோரமாக ஒரு கறுப்பு டாக்ஸி, அதில் சாய்ந்து உட்கார்ந்து எதைப் பற்றியும் கவலைப்படாமல் சிரிக்கும் புருஷன் பெண்டாட்டி. அடியில் கொழும்பு என்று போட்டிருந்தது. ஆறு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர், ஒரு நாள் கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்.

"நாமளும் ஒருக்கா இப்டி சும்மா ஒக்காந்துக்கினு போவணும், ரத்தினம்."

"சும்மா ஒக்கார்றதுக்கு லங்க எதுக்கு மாமா? இங்கயே அதத்தான பண்ற." ரத்தினம்மா அவருக்கு அக்காள் மகள். அந்த உரிமையில் பேசுவாள். எட்டாவது வரை படித்தவள் என்பதும் ஒரு உரிமை.

பயணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் ஊரில் இருக்க வேண்டும். எல்லையை விசாரிக்கும் ஆபீசர் அன்றைக்கு ஜீப்பில் வருவதாகப் பேச்சு. நாகலாபுரம் ஆந்திராவிலேயே இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்று ஊர்க்காரர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு போவாராம். ஊர் சார்பில் பேச வேண்டியவர் திருவேங்கடம். அவர் இல்லாவிட்டால் ரைஸ் மில் ஆதிநாராயணன் பேசுவார். இருக்கிற இடத்திலேயே இருக்கிறோம் என்று இரண்டே வாக்கியத்தில், அதுவும் தெலுங்கில், காரியத்தை முடித்துவிடுவார்.

திருவேங்கடத்துக்கும் தெலுங்கு பேச வரும். சந்தையில் மாடு பிடிப்பார், மாட்டுக்காரனைத் திட்டுவார், இரண்டும் தெலுங்கில்தான். படிக்க மட்டும் வராது. நான்கு வருஷமாகத் தாலுகா ஆபீஸிலிருந்து வரும் காகிதங்கள் எல்லாம் தெலுங்கு. ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் வாசித்துச் சொல்வார், இவர் அடியில் கையெழுத்துப் போடுவார். ஊரில் தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படிக்கும் ஒரே மனிதர், தன் நிலத்துக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அது எப்படி இருக்கும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசரிடம் சொல்வதற்காகப் பதினாறு பக்கம் எழுதி ஜிப்பாப் பையில் வைத்திருந்தார்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால், மண்டபம் முகாமில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகு, ஒரு குமாஸ்தா எந்த ராஜ்யம் என்று கேட்டார்.

"அது இன்னும் முடிவாகல சார். திங்கக்கெழம நான் போய்தான் சொல்லணும்."

குமாஸ்தா ஆந்திரா என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வெளியே வரிசையாக டாக்ஸிகள் நின்றன. முதல் டாக்ஸியின் டிரைவர், வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு சிங்களவர், ஓடி வந்து டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொண்டார். செட்டியார் தெரு லாட்ஜின் விலாசத்தைக் காட்டியதும் தலையை ஆட்டிச் சொன்னார்: "ஹரி, ஹரி, மஹத்தயா."

திருவேங்கடம் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் நாமம், பிறந்ததிலிருந்து வேதநாராயண சுவாமி கோவில் தீர்த்தம். அவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்?

"கேட்டியா ரத்தினம்? வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பகவான் பேரச் சொல்றான். நம்ம புத்தூர் பஸ் டிரைவர் வாயில இன்னா வருது, சொல்லு."

"மகத்தயான்னு வேற இன்னாவோ சொன்னானே."

"மகத்தான ஐயான்னு சொல்றான். ஆளப் பாத்தே தெரிஞ்சிக்கினான்." இரண்டு கையையும் கூப்பி, டிரைவரைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்: "ஹரி, ஹரி."

டிரைவருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு திருவேங்கடம் கொழும்பில் நடக்கவில்லை. துறைமுகத்துக்கு டாக்ஸி, மிருகக்காட்சி சாலைக்கு டாக்ஸி, எதிர்ச்சாரியிலிருந்த வெற்றிலைக் கடைக்கும் டாக்ஸி. அது ஒரு வட்டம் அடித்து, புறப்பட்ட இடத்துக்கு எதிரே இறக்கிவிட்டது. அவர் இறங்கிய தோரணையைப் பார்த்து வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்றார். ஊரில் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒருவருக்கு, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு போவது எத்தனை பெரிய விஷயம் என்பது காருள்ளவர்களுக்குத் தெரியாது. ரத்தினம்மாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். கடல் காற்று முகத்தில் அடிக்க, தலையில் போட்ட முக்காட்டை நழுவவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தலைமன்னார் ரயில். அதைப் பிடித்தால் கப்பல் ஏறித் திங்கட்கிழமை விடியற்காலையில் பட்டணம். விட்டால் செவ்வாய்க்கிழமை. லாட்ஜைக் காலி செய்து, பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் கடற்கரையை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று அதே டாக்ஸியில் ஏறினார்கள்.

டிரைவர் தெற்கே கையைக் காட்டினார். "கல்கிஸ்ஸ?"

"ஹரி, ஹரி," என்றார் திருவேங்கடம்.

கல்கிசையில் இறங்கி அலையில் காலை நனைத்துக்கொண்டார்கள். ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாணதுர?" என்றார்.

"ஹரி, ஹரி."

"களுதர?"

"ஹரி, நாராயணா, ஹரி."

இடது பக்கம் தென்னந்தோப்பு, வலது பக்கம் கடல். காலண்டரில் இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. களுத்துறையில் ஆற்றுப்பாலம் தாண்டியதும், மூன்று பாஷையில் எழுதிய பலகை ஒன்று தென்பட்டது. ரத்தினம்மா தமிழை மட்டும் படித்தாள்.

"மாமா, காலி நாப்பத்தாறு மைல்னு போட்டுகீது."

திருவேங்கடம் கண்ணைத் திறக்காமலே விளக்கினார். "ரோடு காலியாகீதுன்னு அர்த்தம். நாப்பத்தாறு மைலுக்கு எதுக்க வண்டி கெடையாது. எப்டி நிர்வாகம் பண்றான் பாரு."

எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் பின்னால் இரண்டு லாரி.

ரத்தினம்மா நேராக உட்கார்ந்தாள். டிரைவர் மறுபடி திரும்பி, "கால்ல?" என்றார். திருவேங்கடம் கை கூப்ப ஆரம்பித்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பாதி கூப்பிய கையே போதும் என்று டிரைவர் தலையாட்டிவிட்டு ஓட்டினார்.

"மாமா, கொஞ்சம் வாய மூடிக்கினு இரு."

"ஏன்?"

"அவன் ஊர் பேரச் சொல்றான். நீ ஹரின்றே. வண்டி போவுது. மறுபடி ஊர் பேரு, மறுபடி ஹரி, மறுபடி வண்டி. மூணு வாட்டி பாத்துட்டேன்."

"தற்செயலா இருக்கும்."

"நம்ம ஸ்டேஷனு முதுகுக்குப் பின்னாடி போய்க்கினே கீது."

பேருவளையில் ஒரு தேநீர்க் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லித் தோளில் தட்டியவள் அவள்தான். கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். டிரைவரிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, இவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஹரியெண்டா சரியெண்டு அர்த்தம், ஐயா. மஹத்தயா எண்டா ஐயா. நீங்க எல்லாத்துக்கும் சரி சொன்னீங்களாம். இண்டைக்கு ராத்திரி காலியில தங்கி, நாளைக்கு மாத்தறை பார்த்து, திங்கக்கிழமை கதிர்காமத்துக்குக் கொண்டுபோறதா இவர் சொல்றார்."

"கதிர்காமத்துல இன்னா?" என்றாள் ரத்தினம்மா.

"முருகன் கோயில், தாயி."

திருவேங்கடம் நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைக் கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. ஜிப்பாப் பையில் பதினாறு பக்கம் இருந்தது. திங்கட்கிழமை கதிர்காமத்தில் இவர் நிற்க, நாகலாபுரத்தில் ஆதிநாராயணன் இரண்டு வாக்கியம் பேசும் காட்சி அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. கை பையின் மேல் போய் உட்கார்ந்தது. ரத்தினம்மா அதைப் பார்த்தாள்.

"ரயிலு ஏழு மணிக்கு, பாய். இவுரு போவலன்னா எங்க ஊரு எங்க கீதுன்னு யாருக்கும் தெரியாம பூடும். அவருக்குச் சொல்லுங்க."

கடைக்காரர் சொன்னார். அதிலே எல்லைத் தகராறை எப்படி மொழிபெயர்த்தார் என்பது தெரியாது. டிரைவர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

முப்பத்தைந்து மைல். பாணந்துறையில் ஒரு கல்யாண ஊர்வலம், மொரட்டுவையில் மர லாரிகள், அதற்கப்புறம் மூடிய ரயில்வே கேட். கேட்டில் டிரைவர் இறங்கிப் போய்க் கேட்காரனோடு சண்டை போட்டார். கேட் திறக்கவில்லை என்றாலும் அந்தச் சண்டை திருவேங்கடத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. தனக்காக ஒரு வெளிநாடே சண்டை போடுகிறது என்று எடுத்துக்கொண்டார். ரயில் புறப்பட நான்கு நிமிஷம் இருக்கையில் கோட்டை ஸ்டேஷன் வந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடியவர் டிரைவர். கம்பார்ட்மெண்டில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க, "ஹரி, மஹத்தயா?" என்றார்.

"சரிப்பா," என்றார் திருவேங்கடம்.

ரயில் நகர்ந்த பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"ஒண்ணு நெனச்சிப் பாரு ரத்தினம். இந்த தேசத்துல சரின்னு சொல்லணும்னாலே பகவான் பேரத்தான் சொல்லியாவணும். அதுக்கு இன்னா சொல்ற?"

"ஹரி," என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் இறங்கியவருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போக மனம் வரவில்லை. கொழும்பில் டாக்ஸியில் இருந்தவர் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும்? நாகலாபுரத்துக்குள் முதல் டாக்ஸியைக் கொண்டுவந்தவர் என்ற பெயரோடு மேடை ஏற வேண்டும். டாக்ஸி பேசினார். ஊத்துக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது நின்றது.

"இதுக்கு அந்தாண்ட ஆந்திரா சார். எனக்கு மெட்ராஸ் பர்மிட்டுதான்."

"ஊரு அதோ, ரெண்டு பீடி தூரம்பா."

"மூணு பீடின்னாலும் புடிச்சிடுவான் சார். எறங்குங்க."

ஆக, எல்லையைத் திருத்தக் கிளம்பியவரை எல்லை தன் காலடியில் இறக்கிவிட்டது. அந்த வழியாக வந்த மல்லாட்டை லாரியில் வேர்க்கடலை மூட்டைகள் மேல் உட்கார்ந்து, பத்தே முக்காலுக்கு ஊர் வந்து சேர்ந்தார்கள். கோவில் முன்னால் பந்தல் போட்டு, மாலையும் வடையுமாக ஊரே நின்றது. ஆதிநாராயணன் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். மூட்டை மேலிருந்து இறங்குகிறவரைப் பார்த்ததும் முகம் சுருங்கினாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாயா, லங்கைலருந்து லாரிலயா வர்ற?"

"டாக்ஸி எல்லைல நிக்குது," என்றார் திருவேங்கடம். வேட்டியில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிய விதத்தைப் பார்த்து, டாக்ஸி அவருக்காகக் காத்து நிற்பதாகவே ஊர் நம்பியது.

பதினொன்றேகாலுக்கு ஜீப் வந்தது. தொப்பி வைத்த ஆபீசர் ஒருவரும், ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிய குமாஸ்தா ஒருவரும் இறங்கினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. நாற்காலி வந்தது, வடை வந்தது. ஆபீசர் வாயைத் திறப்பதற்குள் திருவேங்கடம் ஆரம்பித்துவிட்டார்.

பதினாறு பக்கத்தையும் அவர் தொடவே இல்லை. முதல் முறையாகப் பாராமல் பேசினார், தமிழில் ஒரு வாக்கியம், ஆபீசருக்காக அதையே தெலுங்கில் ஒரு வாக்கியம். கர்ணம் வாசித்துக் காட்டும் காகிதங்களைப் பற்றிச் சொன்னார். "எந்நிலத்துக் காயிதம் சார். எங்கையெழுத்து. நடுவுல இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியாது," என்றபோது கர்ணமே தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கத்தில் ரத்தினம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிஷம். முடித்ததும் கைதட்டல் கோவில் மண்டபத்துப் புறாக்களைக் கிளப்பியது. ஆதிநாராயணனும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

ஆபீசர் எழுந்து திருவேங்கடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சால பாகா செப்பினாரு," என்றார், மிகவும் நன்றாகச் சொன்னீர்கள் என்று. பிறகு குமாஸ்தாவிடம் ரிஜிஸ்தரை வாங்கிப் பிரித்து, ஊரில் மொத்தம் எத்தனை வீடு, எங்கெங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று கேட்டார்.

அவர் கொசு மருந்து அடிக்க வந்த மலேரியா ஆபீசர்.