கேப்டன் சொல்லாத சொல்

1903-இல் ராஜபாளையம் கிரிக்கெட் அணிக்கு நான்தான் கேப்டன். அப்படிச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் நாக்கூசுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். பந்து போடத் தெரியாமலா? மட்டை பிடிக்கத் தெரியாமலா? எங்களுக்கு ரன் ஓடத்தான் தெரியாது.

அணியில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள், மீதிப்பேர் தமிழ். எதிர்முனையில் நிற்கிற அழகர்ராஜா "வத்து" என்று கத்துவான். தெலுங்கில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். தமிழ்க்காரன் காதில் அது "வந்துரு" என்று விழும். ஓடுவான், பாதி வழியில் குச்சி சாய்ந்துவிடும். மூன்று ஆட்டத்தில் ஏழு பேர் இப்படியே அவுட்.

அதே ஊர்க்காரர்களோடு நாலாவது ஆட்டம் நடந்த அன்று காலையில் காதர் என்னிடம் வந்தான். எங்களில் எல்லாரையும்விட நன்றாக மட்டை பிடிக்கிறவன் அவன்தான்.

"ஏலே ஞானதுரை, எல்லாரும் ஒரே பேச்சுல கூப்பிடணும்னு சொல்லிப்புடு. தமிழோ தெலுங்கோ, எனக்கு எதுவும் சம்மதம். வில்லிபுத்தூர்ல என்னைக் கூப்பிடுதாவ. இன்னைக்கும் இப்படித் தோத்தா நான் அங்க போயிருவேன்."

அவன் போனால் அணியே இல்லை. ஆனால் தமிழ் என்றால் ராஜுக்களுக்கு முகம் கோணும், தெலுங்கு என்றால் மற்றவர்கள் முறைப்பார்கள். பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது எனக்கு. "ஆட்டம் முடியட்டும், பொறவு பேசுவோம்" என்றேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அழகர்ராஜா, பாவம், அன்று தானாகவே "வா", "நில்லு" என்று தமிழில் கூப்பிட்டான். வற்றிய கண்மாய்க்குள் ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசி ஜோடி காதரும் அழகர்ராஜாவும். ஜெயிக்க இன்னும் ஐந்து ரன். காதர் தட்டிய பந்து தரையில் உருண்டு, பக்கத்தில் நின்ற எதிரணிக்காரன் கைக்கே போனது. பதற்றத்தில் அழகர்ராஜாவுக்கு வீட்டுப் பேச்சே வாயில் வந்துவிட்டது. "வத்து, வத்து!"

தமிழை எதிர்பார்த்திருந்த காதர் ஓடினான். குச்சி சாய்ந்தது.

அழகர்ராஜா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். காதர் அவன் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"அவன் வாயில வந்ததைச் சொன்னான். நான் காதுல விழுந்ததைக் கேட்டேன். நீதாம்லே வாயே தொறக்கல."

"இருலே காதர், இப்பவே சொல்லிருதேன். இனிமே தெலுங்குதான். எவன் முறைச்சாலும் சரி."

"சொல்லு" என்று மட்டையை என் கையில் கொடுத்தான். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் வண்டியில் ஏறி அவர்களோடு உட்கார்ந்துகொண்டான்.