மேல்மாடி ஸ்டோர்

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான். விடுதிக் கட்டிடத்தின் மின்செலவு எண் ஒருவழியாக எல்லைக்குள் வந்துவிட்டதாம். குழாய் எழுந்து நின்று கும்பிட்டான். கம்பி எனக்கென்று டீ சொல்லியிருந்தான். அந்த எண்ணைக் குறைக்க நான் எதுவுமே செய்திருக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரே கட்டிடத்தைக் கணினியில் மாடலாக எல்லோரும் சேர்ந்து உருவாக்குகிறோம். மாடலில் யாருக்கு எந்தப் பங்கோ அதுவே பெயர். தூணும் உத்தரமும் பார்ப்பவன் கம்பி. தண்ணீர், காற்று, மின்சாரம் எல்லாம் குழாய். கதவு ஜன்னல் பார்க்கும் பெண் கீல். வெயில் எவ்வளவு உள்ளே வரும், அதைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போடும் நான் சூடு. என் கோபத்துக்கும் சேர்த்து வைத்த பெயர் என்று எனக்குத் தெரியும். ஆர்க்கிடெக்டுக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை. அவர் முதலாளி, போதாததற்கு என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எல்லோருக்கும் சார், எனக்கு மாமா.

முன்பெல்லாம் ஆளுக்கொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வோம். இப்போது ஒரே மாடலை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம். ஒருவர் சுவரை நகர்த்தினால் எல்லோர் திரையிலும் அது நகரும், அவ்வளவுதான் முன்னேற்றம்.

கட்டப்போவது ஒரு மருத்துவமனையின் நர்ஸ் விடுதி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்ற சான்றிதழ் இருந்தால்தான் கட்ட அனுமதி. இத்தனை நாளாக எண் இறங்காமல் முரண்டு பிடித்ததற்குக் காரணம் முன்கூடம். மேற்குப் பார்த்து, இரண்டு மாடி உயரத்துக்கு முழுக் கண்ணாடி. மாமாவின் செல்லப்பிள்ளை. சாயங்கால வெயிலை அப்படியே வாரி உள்ளே கொட்டும். கண்ணாடியைப் பாதியாக்குங்கள் என்று நான் சொல்லாத வாரமில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

இன்றும் கண்ணாடி அப்படியேதான் நின்றது. பிறகு எண் எப்படி இறங்கும்? மாடலை மாடி மாடியாகத் துழாவினேன். மேல்மாடியில், மேற்கு மூலையில், நான்கு அறைகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. ஆள் இருக்கும் அறை ஆரஞ்சு, ஆளில்லாதது சாம்பல். சமையல் வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கும் பெண்கள் தங்க வேண்டிய அறைகள் அவை. ஒன்றின் மேல் சொடுக்கினேன். அறையின் வகை என்ற இடத்தில் 'தங்கும் அறை' போய் 'ஸ்டோர்' என்று வந்திருந்தது.

ஸ்டோருக்கு வேர்க்காது. மூட்டை முடிச்சுக்குக் காற்றோட்டம் தேவையில்லை. மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும் நான்கு அறைகளை ஒரு சொல்லால் கணக்கிலிருந்தே துடைத்துவிட்டார்கள். எண் இறங்காமல் என்ன செய்யும்?

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த நான்கில் ஒன்று என் அக்காவுக்கு. புருஷனை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவள் மகளோடு தோழி வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். மருத்துவமனைச் சமையலறையில் வேலை வாங்கிக் கொடுத்ததும், புது விடுதியில் உனக்கு ஓர் அறை உண்டு என்று வாக்குக் கொடுத்ததும் இதே மாமாதான்.

அவர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

"மேல்மாடி ரூமையெல்லாம் ஸ்டோர்னு மாத்தினது யாரு?"

"நான்தான்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பேரைத்தானேம்மா மாத்தினேன்? அதே சுவர், அதே ரூம். சான்றிதழ் வந்தப்புறம் அவங்கபாட்டுக்குப் படுத்துக்கப் போறாங்க."

"கண்ணாடியத் தொட மனசு வரல. ஆளுங்கள எடுத்துட்டீங்க."

"சாயங்காலம் அனுப்பியாகணும். நீ கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது. சும்மா குதிக்காத."

அவருடைய நாற்காலிப் பக்கமாகப் போய் மவுஸைப் பிடுங்கினேன். விடுதியில் இருந்த அத்தனை அறைகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஸ்டோர் என்று போட்டேன். எண் கிடுகிடுவென்று விழுந்தது.

"பாருங்க மாமா. கரண்டே தேவைப்படாத விடுதி. உள்ள ஒரு மனுஷி கிடையாது. போய் விருது வாங்கிட்டு வாங்க."

வெளியிலிருந்து குழாயின் அலறல் கேட்டது. "ஐயையோ, என் குழாயெல்லாம் வேண்டாம்னு சிவப்பாக் காட்டுதே! யாரு கை வெச்சது?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஸ்டோர் என்று போட்டால் குழாயே போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டுக் குழாயிடம் போனேன்.

"மேல்மாடி நாலு ரூமுக்கும் காத்துக் குழாய் எங்க?"

"எடுத்துட்டேனே. ஸ்டோருக்கு எதுக்குக் காத்து? ஃபேன் பாயின்டும் எடுத்தாச்சு, ஒரு பல்பு மட்டும் இருக்கு."

பக்கத்து மேசையிலிருந்து கீல் எட்டிப் பார்த்தாள். "நானும் ஜன்னல எடுத்துட்டு மேல ஒரு வென்டிலேட்டர் வெச்சுட்டேன் சூடு. கதவும் ஸ்டோர் கதவுதான். காலையிலயே ஆர்டர் போயிடுச்சு."

"ஸ்டோர் கதவுன்னா?"

"பூட்டு வெளியில இருக்கும். உள்பக்கம் ஒண்ணும் கிடையாது. பூட்டிட்டுப் போற ரூம்தானே?"

அவர்களைத் திட்ட வாயெடுத்தேன், திட்ட ஒன்றுமில்லை. மாடல் ஸ்டோர் என்றது. அவரவர் தங்கள் பங்குக்கு ஒழுங்காக வேலை செய்து அதை நிஜமாகவே ஸ்டோராக்கிவிட்டார்கள். பேரைத்தானே மாற்றினேன் என்றவர்தான் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான் திரும்பிப் போனபோது மாமா போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அக்கா. என்னை அடக்க அவளைப் பிடித்திருக்கிறார்.

"உன் தங்கச்சி இங்க சாமியாடிக்கிட்டிருக்கா. நீயே சொல்லு, அந்த ரூம் உனக்குப் போதுந்தானே?"

"போதும் மாமா," என்றாள் அக்கா. "ஏன்டி, கொஞ்சம் புழுக்கமா இருந்தா இருந்துட்டுப் போகுது. நீ ஏதாவது பேசி, கிடைக்கற இடமும் கைவிட்டுப் போயிடப்போகுது."

"ஃபேன் மாட்ட வழியில்லக்கா."

"பரவால்ல."

"ஜன்னல் கிடையாது. மேல கையகலத்துக்கு ஒரு ஓட்டை."

"விடுன்னா விடேன்டி. பாப்பாவுக்கு ஒரு இடம்னு இருந்தா போதும் எனக்கு."

அவள் பரவாயில்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்டுக்கொண்டாயா என்பதுபோல் மாமா கையை விரித்தார்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாதுக்கா," என்றேன். "வெளியிலேர்ந்துதான் பூட்ட முடியும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று மாமா குனிந்து பார்த்தார்.

"மாமா." அக்காவின் குரல் வேறாக இருந்தது. "அன்னைக்கு அந்த வீட்டுல தாழ்ப்பாள் இல்லாம, கட்டில இழுத்துக் கதவுக்கு முட்டுக்குடுத்து, நானும் பாப்பாவும் அதுமேல உக்காந்திருந்தோமே. நீங்கதானே வந்து அந்த ஆளத் தள்ளிவிட்டு எங்களக் கூட்டிட்டு வந்தீங்க. உங்களுக்குமா மாமா தெரியாது?"

"தாழ்ப்பாள் விஷயம் எனக்கு நிஜமாவே தெரியாதும்மா."

"வேகட்டும், கிடக்கறேன். தாழ்ப்பாள் இல்லாம என்னால படுக்க முடியாது." சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மவுஸை எடுத்தார். மேல்மாடிக்குப் போய் அக்காவின் அறையைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே 'தங்கும் அறை' என்று மாற்றினார். அது ஆரஞ்சானது. எண்ணைப் பார்த்தார். நூலிழையில் எல்லைக்குள்தான் இருந்தது.

"போதுமா?" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "எண்ணும் தாண்டல, அக்காவுக்கும் ஆச்சு. இப்பவாவது கையெழுத்துப் போடுவியா?"

இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மத்த மூணு ரூம்?"

"அதான் சொல்றேனே, எண்ணு..."

"அவங்க கதவையும் யாராவது வந்து தள்ளலாம் மாமா. என்ன, அவங்களுக்கெல்லாம் ஆர்க்கிடெக்ட் மாமா இல்ல. அதானே?"

நான் மவுஸை வாங்கி அந்த மூன்று அறைகளையும் தங்கும் அறையாக்கினேன். எண் எல்லையைத் தாண்டிச் சிவப்பானது. அப்படியே கீழே இறங்கி, முன்கூடத்துக் கண்ணாடியில் மேல்பாதியை அழித்துச் சுவர் வைத்தேன். எண் இறங்கியது.

"யாரைக் கேட்டு அதைத் தொட்டே?" மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பழையபடி ஆக்கு!"

"நீங்களே ஆக்குங்க. கண்ணாடியத் திருப்பி வெச்சுட்டு, அந்த மூணு பேரையும் உங்க கையாலயே ஸ்டோராக்குங்க. நான் பார்த்துக்கிட்டு நிக்கறேன்."

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். அதன்மேல் கையை வைத்தவர் அப்படியே இருந்தார். கை நகரவில்லை, எடுக்கவும் இல்லை.

வெளியே அவரவர் திரையில் எல்லாம் மாறியிருக்க வேண்டும். கம்பி ஏதோ கேட்டான், குழாய் ஏதோ சொன்னான். பிறகு கீல் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"சார், மேல்மாடியில தங்கற ரூம்னு காட்டுது. கதவு ஆர்டரத் திருத்தணும். உள்தாழ்ப்பாள் ஒரு கதவுக்கா, நாலுக்குமா?"

மாமா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாலுக்கும்டி!" என்று கத்தினேன்.