சாட்சி சொல்லும் இடம்

கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் ஜெப வீட்டில் சாட்சி சொல்வதில் என் வீட்டுக்காரர் ஜெயராஜை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்ச்சல் விட்டதற்கு ஒரு சாட்சி, கூட்ட பஸ்ஸில் இடம் கிடைத்ததற்கு ஒரு சாட்சி. அவர் எழுந்தாலே சபை கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடும். அவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருக்கிறது. ஹந்தானை ரோட்டில் ஒரு மழை நாளில் இவர் வேலை செய்யும் கடையின் லொறி ஒருவரை அடித்துப்போட்டது. ஓட்டியது முதலாளியின் மகன், பக்கத்தில் இருந்தது இவர். செத்தவர் லெட்சுமணன் என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி, குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தவர். இவர் இதை என்னிடம் மட்டும் சொன்னார்.

"நிப்பாட்டாம வந்துட்டோம், நிலூஷா. அந்த இடத்துலயே முடிஞ்சிருச்சு. இனி நான் வாயத் தொறந்து யாருக்கு என்ன லாபம்? வேலைதான் போகும்."

"பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்க."

"ஜெபத்துல வச்சிருக்கேன்."

"ஜெபத்துல வச்சே ஊறுகாய் போட்றாதீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. முழங்காலில் நின்று கண்ணை மூடினால் முதுகுக்குப் பின்னால் யாரோ குடை விரிப்பது கேட்கிறது என்றார். படக் என்று ஒரே சத்தம். மனப்பிரமை என்று திட்டினேன். பிறகு ஒருநாள் பட்டப்பகலில், குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கும் கேட்டது. முன்னறையில், தெளிவாக. போய்ப் பார்த்தேன். யாரும் உட்காராத கதிரைகள் மட்டும் இருந்தன. எங்கள் குடை அலுமாரிக்கு மேல் மடித்தபடி கிடந்தது. பிசாசு விரட்டுகிற சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள் நான், அன்றைக்குத் திரும்பி வந்து நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் மேல் அதைவிடக் கோபமாக இருந்தது.

அவரோ இன்னும் அதிகமாக ஜெபித்தார், உபவாசம் இருந்தார், சபையில் இன்னும் உருக்கமாகப் பேசினார். ஆவிக்குரிய வாழ்வில் எப்படி வளர்ந்துவிட்டார் என்று பாஸ்டரே மெச்சிக்கொண்டார். வீட்டில் இவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவது பாஸ்டருக்கு எங்கே தெரியும்?

போன ஞாயிறு வழக்கம்போல பாஸ்டர், "யாரு சாட்சி சொல்றீங்க?" என்றார். வழக்கம்போல இவர் எழுந்து நின்றார். அதற்குள் பின்வரிசையில் புதிதாக வந்திருந்த ஒரு அம்மாவும் எழுந்துவிட்டாள். நெற்றியில் விபூதி, காலில் செருப்பில்லை.

"எம் பேரு வடிவம்மா, ஹந்தானையிலருந்து வாறேன். சாட்சி சொல்றவங்க இங்கதான் இருக்காங்கன்னு எங்க லயத்து வீடுகள்ல ஒரு பிள்ளை சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரர் லெட்சுமணனை லொறி அடிச்சிருச்சுங்க. பார்த்த சாட்சி இல்லாம ஒன்னும் செய்ய முடியாதுன்னு பொலிசுல சொல்றாங்க. இங்க யாராச்சும் வந்து சொல்லுவீங்களா?"

இளம்பிள்ளைகள் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். பாஸ்டர் நல்ல மனிதர், கனிவாகவே சொன்னார். "அம்மா, அது வேற சாட்சி. இது வேற."

இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வேற இல்ல பாஸ்டர்" என்றார். குரல் வீட்டில் பேசும் குரலாக இருந்தது. "நான் பார்த்தேன். அந்த லொறியில நான் இருந்தேன்."

பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் "அல்லேலூயா" என்றார்கள். பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

வடிவம்மா கதிரைகளுக்கு நடுவே நடந்து அவர் முன்னால் வந்தாள். "இறங்கிப் பார்த்தீங்களா, தம்பி? உயிர் இருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் சொன்னது பொய் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"இருந்துச்சு. என் கையப் பிடிச்சாரு. நான் கைய இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினார். அவள் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். அழவில்லை, திட்டவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஏறும்போதும் விடவில்லை, பொலிஸ் வாசலிலும் விடவில்லை.