கொலைதான்க்கா, ஒண்ணுமில்ல

எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீர் கொதித்ததும் டீத்தூள் போட்டான். முட்டை ஒன்றை வேகவைத்து நின்றபடியே தின்றான். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான், எதிரொலி வராமல் இருக்க. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு வாட்ச்மேனைக் கொன்றான். பல் டாக்டரையும் அவர் மனைவியையும் தீர்த்துக் கட்டிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தான்.

அவன் எடிட்டர். படம் மச்சானுடையது, மனைவியின் அண்ணன். முகமூடிக்காரன் ஒருவன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருப்பவர்களை வரிசையாகப் போட்டுத்தள்ளுகிறான். கதை அவ்வளவுதான். நாளைக்குக் காலைக்காட்சி ஓட்ட ஒரு தியேட்டர்காரர் எப்படியோ தலையாட்டியிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் படம் அவர் கைக்குப் போக வேண்டும்.

படத்தில் குறைகளுக்குக் குறைவே இல்லை. முகமூடி என்பது வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கிய கவசம். அதைப் போட்டால் கண் தெரியாது. எனவே கொலைகாரன் ஒவ்வொரு கொலைக்கு முன்பும் வாசற்படியில் முட்டிக்கொண்டான். இடைவேளை வரை இடது காலை நொண்டியவன், அதற்குப் பிறகு வலது காலை நொண்டினான். இருந்தது ஒரே வராந்தா. அதுவே மூன்றாவது மாடி, ஐந்தாவது மாடி, ஆஸ்பத்திரி. செத்த வாட்ச்மேன் இரண்டு தடவை முதுகைச் சொறிந்துகொண்டார்.

ஆனால் அலறல்! அதை யாரும் குறை சொல்ல முடியாது. முதுகுத்தண்டில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். எல்லா அலறலும் அவன் மனைவியுடையது. ஆள் வைத்துக் கத்த வழியில்லாததால் எல்லோருக்கும் அவளே கத்தினாள். வேகத்தைக் குறைத்தால் வாட்ச்மேன், கொஞ்சம் கூட்டினால் டாக்டர் சம்சாரம். ரத்தமும் அவள் கைப்பக்குவம்தான். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம். கடைசியாகச் சாக வேண்டிய நடிகை வராமல் போனபோது அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு தானே செத்தாள்.

அங்கேதான் சிக்கல். சர்க்கரை வாசனைக்கு எறும்பு வந்துவிட்டது. பிணத்தின் மூக்கருகே அது ஏறியதும் பிணம் உதட்டைச் சுழித்தது. வெட்டவும் முடியாது, அதே காட்சியில்தான் கொலைகாரன் முகமூடியைக் கழற்றுகிறான். மறுபடி எடுக்க வேறு வெள்ளைச் சட்டையும் இல்லை.

அந்தச் சாவுக்கான அலறலை இந்த அறையில்தான் பதிவு செய்தார்கள். நாள் முழுக்கக் கத்தியவள், கடைசியாகத் தனக்காகக் கத்தினாள். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு டெய்லரக்கா. ரெக்கார்டரை ஓடவிட்டு அவன் வாசலுக்குப் போனான். சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. காற்றுதான் வந்தது. கையாலேயே சாப்பாடு கேட்டாள், கையாலேயே சண்டை போட்டாள், கையாலேயே விளக்கை அணைக்கச் சொன்னாள்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

வந்தவர்களெல்லாம் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "அவரைப் பார்த்துக்கங்கன்னு சொன்னா" என்றாள் அத்தை. அவன் மறுக்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியது எதுவானாலும் அந்தப் பதிவில்தான் இருக்க வேண்டும். அதை அவன் இதுவரை திறக்கவில்லை. திறந்தால் தீர்ந்துவிடும்.

பத்தரைக்கு மச்சான் வந்தார். கையில் ஹெல்மெட், முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் களை.

"மாப்ள, ஒரு பொண்ணு பிடிச்சிருக்கேன். ரேடியோ விளம்பரத்துல பேசுது. மதியம் வந்து கத்திட்டுப் போயிடும்."

"எதுக்கு?"

"கடைசிச் சாவுக்குத்தான். ஊமைப் படமாவா விடுறது?"

"வாட்ச்மேனுக்கே இவ கத்தியிருக்கா. இவளுக்கு வேற ஒருத்தி கத்துறதா?"

"அப்போ நீ அந்த ஃபைலைத் திற."

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் மாப்ள சொல்றேன். எனக்கு மட்டும் என்ன, ஜாலியாவா இருக்கு?" என்று மச்சான் ஹெல்மெட்டைத் தட்டினார். "அந்தப் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லட்டுமா? சீக்கிரம் சொல்லு."

திரையில் அவள் வாய் திறந்து, சத்தமில்லாமல் நின்றிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தான்.

அலறல் ஸ்பீக்கரைக் கிழித்தது. மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கண்ணாடி அதிர்ந்தது. உச்சத்துக்குப் போன குரல் அங்கேயே உடைந்து, கிளுக்கென்று சிரிப்பாக மாறியது. அடக்கப் பார்த்து, அடங்காமல், பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு.

"போச்சு!" என்றார் மச்சான். "கொலையில சிரிக்கிறா பாரு. சின்ன வயசுலேர்ந்தே இவளை வச்சு ஒரு காரியம் உருப்படியா பண்ண முடியாது."

அவன் அந்த ஒலியைப் படத்தின் கீழே வைத்தான். ஓட்டினான். அலறினாள், விழுந்தாள், எறும்பு ஏறியது, உதடு சுழித்தது, சரியாக அந்த இடத்தில் சிரிப்பு. முகமூடிக்காரன் கண் தெரியாமல் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிப்பதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டது போல இருந்தது. பயந்துபோய்த்தான் கவசத்தைக் கழற்றியது போலவும் இருந்தது.

இருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

"யோவ் மாப்ள," என்றார் மச்சான் மெதுவாக. "நான் இவ்வளவு நல்ல டைரக்டரா?"

"எறும்பு நல்ல டைரக்டர்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. மாதக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த ஷட்டர் மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. மச்சான் மெத்தைமேல் சாய, மெத்தை அவர்மேல் சாய, அடியிலிருந்து "காப்பாத்துங்க!" என்று குரல் வந்தது. அதைக்கூடப் படத்தில் சேர்த்திருக்கலாம்.

அப்போது கதவு தட்டப்பட்டது. படபடவென்று.

"வந்துட்டாங்கய்யா டெய்லரக்கா" என்று மச்சான் மெத்தையிலிருந்து பிதுங்கி வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்தார். வராந்தா காலி. படிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஈ காக்கை இல்லை.

"மாப்ள, யாருமே இல்லையே!"

மறுபடி தட்டல். இந்த முறை மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மச்சான், அது ரெக்கார்டிங்."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பட்டன் மேல் அவன் விரல் இருந்தது. அழுத்தவில்லை. செருப்புச் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். தூரத்தில் டெய்லரக்கா, "என்னம்மா சத்தம், அடிக்கிறானா?" அதற்கு அவனுடைய குரல், எவ்வளவு சந்தோஷமான குரல், "கொலைதான்க்கா, ஒண்ணுமில்ல." பிறகு மைக்குக்கு மிக அருகில் ஒரு இருமல். பிறகு அவள், பாதி காற்றாகவும் பாதி சிரிப்பாகவும்:

"ஏங்க, அப்படியே அக்காகிட்ட கொஞ்சம் சர்க்கரை கேளுங்க. ரத்தம் தீர்ந்துபோச்சு."